உங்கள் அம்மாவுக்கு மறதி இல்லை

கேள்வி: எனக்கு 45 வயது. அப்பா மூன்று வருடங்களுக்கு முன்பு காலமானார். அம்மாவுக்கு 71, தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய அறையை ஒழுங்குபடுத்தியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் துணிகளுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. உள்ளே 19 கடிதங்கள். 1973க்கும் 1975க்கும் இடையில் ஒருவர் அம்மாவுக்கு எழுதிய காதல் கடிதங்கள். அம்மா அப்பா கல்யாணம் 1977இல். பெட்டியை என் வீட்டுக்கு எடுத்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். ஃபோட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பினேன். அப்பாவோடு வாழ்ந்த 44 வருடமும் நடிப்புதானா என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. போதாததற்கு அம்மாவுக்கு இப்போது மறதி வேறு. “துணிக்கு அடியிலதானே வச்சேன்” என்று தினமும் காலையில் பெட்டியைத் தேடுகிறார். என்னிடம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். “எனக்கு ஞாபகம் தப்பிப்போச்சு” என்று அழுகிறார். டாக்டரிடம் காட்டலாம் என்கிறான் தம்பி. கடிதங்களைப் பற்றி அம்மாவிடம் நேரடியாகக் கேட்டுவிடலாமா, மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். ‘போதாததற்கு மறதி வேறு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் அம்மாவுக்கு என்ன மறந்துவிட்டது? துணிக்கு அடியில் வைத்தேன் என்கிறார். நீங்களும் அங்கிருந்துதான் எடுத்தீர்கள். வைத்த தட்டு முதற்கொண்டு அவருக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது. பெட்டி அங்கே இல்லாததற்குக் காரணம், அது உங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு மாதமாக அந்த அம்மாள் தன் மூளையைச் சந்தேகப்படுகிறார். பெற்ற மகளைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா?

தம்பி டாக்டரிடம் காட்டலாம் என்கிறார். சரி, போய் உட்காருகிறீர்கள். ஞாபகமறதி என்று வருகிறவரை மட்டும் டாக்டர் கேட்பதில்லை. என்ன மறக்கிறார், எப்போதிலிருந்து, முன்பு எப்படி இருந்தார் என்று கூட வந்தவர்களிடமும் விசாரிப்பார். வீட்டார் சொல்வதற்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. அப்போது என்ன சொல்வீர்கள்? ‘ஒரு பெட்டியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தினமும் தேடுகிறார்’ என்றா? அப்புறம் அம்மாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்பார்கள், சில சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்கள். பயமும் மனச்சோர்வும் இருந்தாலே இந்தச் சோதனைகளில் நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களும் தடுமாறுவார்கள். அந்த இரண்டையும் நீங்கள்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வழியில் தடுமாறுவது, வரவு செலவைப் பார்க்க முடியாமல் போவது என்று வேறு ஏதாவது இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது அந்தக் கடிதங்களுக்கு வருவோம். அலமாரியில் கிடைத்த கட்டு, புத்தகத்துக்குள் இருந்த ஃபோட்டோ, பழைய டைரி என்று எத்தனையோ பிள்ளைகள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சொல்வது, ‘எங்களிடம் மறைத்துவிட்டார்களே’ என்பது. அம்மா அந்தக் கடிதங்களை வாங்கியபோது அவருக்கு 20, 22 வயது. நீங்கள் பிறக்கவே இல்லை. உங்களிடம் அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு எப்போது வந்தது? எனக்குத் தெரிந்து வரவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த உறவு ரகசியமாகத் தொடர்ந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். மண வாழ்க்கைக்குள் செய்யும் துரோகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. இங்கே கடைசிக் கடிதம் 1975. கல்யாணம் 1977. அந்தத் தேதிகளை எனக்கு எழுதியவரே நீங்கள்தான்.

44 வருடமும் நடிப்பா என்கிறீர்கள். அதில் பெரும்பகுதியை நீங்களும் கூட இருந்து பார்த்திருக்கிறீர்கள். அம்மா அப்பாவை ஒரு நாளாவது விட்டுக்கொடுத்தாரா? அப்படி ஒரு சம்பவம் இருந்திருந்தால் இந்தக் கோபத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். வயதானவர்களை வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று ஞாபகசக்தியை ஆராய்கிறவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த வயதில் வந்த கடிதங்களை ஒருவர் பத்திரமாக வைத்திருந்தால், அதைக் கொண்டு உங்கள் அப்பாவின் இடத்தை அளக்க முடியாது. அப்பா போன துக்கம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன். அவர் சார்பில் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது. அதற்கு அகப்பட்டது, அவரையே இழந்து நிற்கிற இந்த மனுஷி.

தம்பிக்கு ஃபோட்டோ அனுப்பியது இன்னொரு தவறு. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, கடிதத்தின் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கு. இரண்டிலும் உங்களுக்கோ தம்பிக்கோ பங்கில்லை. உங்கள் ஃபோனிலிருந்து அழியுங்கள். தம்பியையும் அழிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு சுலபமான வழி தோன்றும். அம்மா தூங்கும்போது பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தினமும் தேடிய இடத்தில் ஒரு நாள் பெட்டி இருந்தால் அவர் என்ன நினைப்பார்? தனக்குப் புத்தி முழுதாகக் கலங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்.

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். “நான்தான் எடுத்தேன்மா. எல்லாத்தையும் படிச்சேன். தம்பிக்கும் அனுப்பினேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன். உனக்கு மறதி எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். ‘நீ மறைத்ததால்தான்’ என்று இடையில் ஒரு வார்த்தை வரக் கூடாது. அவர் திட்டலாம், வெகுநாள் பேசாமலும் இருக்கலாம். பேசாவிட்டாலும் வழக்கம்போல் போய் வேண்டியதைச் செய்துவிட்டு வாருங்கள்.

அவரிடம் கேட்டுவிடலாமா என்றீர்கள். கேட்காதீர்கள். அந்தக் கடிதங்களை எழுதியவர் யார், ஏன் நடக்கவில்லை, அப்பாவுக்குத் தெரியுமா என்று எதையும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லாவிட்டால் அதோடு விடுங்கள்.

அவர் தினமும் காலையில் தேடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அவர் அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.