‘பிகாஸ்’ வந்தால் வாக்கியம் ஏன் முடிவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில இலக்கணத்தில் மெயின் க்ளாஸ் (main clause) என்றால் என்ன, சபார்டினேட் க்ளாஸ் (subordinate clause) என்றால் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பிக்கிறாள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், நீளமாக இருப்பதுதான் மெயின் என்கிறாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: ஆங்கிலம் அவ்வளவாக வராவிட்டாலும் பரவாயில்லை, முதல் பாடத்துக்குத் தமிழே போதும். அவளிடம் “மழை பெய்ததால்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். “பெய்ததால் என்னம்மா?” என்று கேட்பாள். அப்படிக் கேட்க வைக்கிற பகுதிதான் சபார்டினேட். “நாங்க வீட்டிலேயே இருந்தோம்” என்று சொல்லிப் பாருங்கள், அது தானாகவே முடிந்துவிடுகிறது, அது மெயின். நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. “ஐ க்ரைட் வென் மை க்ராண்ட்மதர் வென்ட் பேக் டு ஹெர் வில்லேஜ்” என்ற வாக்கியத்தில் “ஐ க்ரைட்” என்ற இரண்டே சொற்கள்தான் மெயின், மற்றதெல்லாம் எப்போது என்று சொல்ல வந்தவை.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். தமிழில் வினைச்சொல்லே உருமாறி அந்தரத்தில் நின்றுவிடும்: பெய்ததால், பெய்தாலும், பெய்தபோது. ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்கும். “இட் ரெய்ன்ட்” என்பது முழு வாக்கியம், அதன் முன்னால் ‘பிகாஸ்’ வந்து உட்கார்ந்ததும் அதே இரண்டு சொற்கள் தனியாக நிற்க முடியாமல் போகின்றன. தமிழில் கடைசியில் ஒட்டுவது அங்கே தலையில் வருகிறது, பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஒரு தாளில் “இட் ரெய்ன்ட்” என்று எழுதி, முன்னால் பிகாஸ், தோ (though), வென், ஆஃப்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த முதல் சொல்லை விரலால் மறைத்து வாசிக்கட்டும். மறைத்தால் முடிகிறது, விரலை எடுத்தால் முடியவில்லை என்பதை அவளே கண்ணால் பார்த்துவிடுவாள். பிறகு நீங்கள் “பஸ் வராததால்…” என்று தமிழில் தொடங்குங்கள், அவள் “பிகாஸ் தி பஸ் டிட் நாட் கம், ஐ வாக்ட்” என்று முழுசாக ஆங்கிலத்தில் முடிக்கட்டும். சபார்டினேட் முன்னால் வந்தால் நடுவில் கமா உண்டு, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். “தோ இட் ரெய்ன்ட், பட் வீ ப்ளேய்ட்” என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘பெய்தாலும் விளையாடினோம்’ என்பதில் இணைப்பு நடுவில் கிடக்கிறது, ஆங்கிலத்தில் அந்த நடு இடம் காலியாகத் தெரிவதால் ஒரு ‘பட்’டைப் போட்டு நிரப்புகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோ அல்லது பட், ஏதாவது ஒன்று போதும். பிகாஸோடு ‘ஸோ’ சேர்ப்பதும் இதே கதைதான். சிவப்பு மையில் அடித்துவிடுவதோடு நிறுத்தாமல் ஏன் என்று சொல்லுங்கள், அடுத்த முறை எழுதும்போது யோசிப்பாள்.

கேள்வி: “ஆஃப்டர் ஃபினிஷிங் ஹிஸ் வொர்க், ஹீ வென்ட் ஹோம்” என்பதை காம்ப்ளெக்ஸ் என்று என் பையன் எழுதினான். ஆசிரியர் சிம்பிள் என்று திருத்தியிருக்கிறார். யார் சரி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ஆசிரியர்தான் சரி. ஒரே க்ளாஸ் இருந்தால் சிம்பிள் வாக்கியம், மெயினோடு சபார்டினேட்டும் இருந்தால் காம்ப்ளெக்ஸ். ஆனால் பையன் குழம்பியதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ‘ஆஃப்டர் ஃபினிஷிங்’, ‘ஆஃப்டர் ஹீ ஃபினிஷ்ட்’ இரண்டுமே தமிழில் “வேலையை முடித்த பிறகு”தான். மேலே சொன்ன ‘முடிகிறதா, முடியவில்லையா’ சோதனை இங்கே மட்டும் போதாது. முடியாத பகுதிக்குள் தனியாக ஒரு எழுவாயும் காலம் காட்டும் வினையும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ‘ஃபினிஷிங்’ காலம் காட்டவில்லை, யார் என்பதும் அங்கே இல்லை, அதனால் அது க்ளாஸ் அல்ல, ஃப்ரேஸ் (சொற்றொடர்). “ஆஃப்டர் ஹீ ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க்” என்று எழுதினால் க்ளாஸ், முழு வாக்கியம் காம்ப்ளெக்ஸ்.

தேர்வில் சிம்பிளைக் காம்ப்ளெக்ஸாக மாற்றி எழுதச் சொல்வதும் இதைத்தான். “இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ்” என்று இருந்தால் யார், எந்தக் காலம் என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டு “தோ ஹீ வாஸ் இல்” என்று எழுத வேண்டியதுதான். ‘இன் ஸ்பைட் ஆஃப் – தோ’ என்று அட்டவணை போட்டு நெட்டுரு செய்யும் பிள்ளைகள் “தோ ஹிஸ் இல்னஸ்” என்று எழுதிவிட்டு வருகிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும்.

கேள்வி: இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு இப்போதே சபார்டினேட் க்ளாஸ் நடத்துகிறார்கள். ஏழு வயதுக்கு இது அதிகமில்லையா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தில் அந்தப் பெயர் மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. ஆனால் வென், இஃப், தட், பிகாஸ் போட்டு எழுதுவதை இரண்டாம் ஆண்டிலேயே பழக்கிவிடுகிறார்கள். எழுதிப் பழகிய பிறகு பெயர், இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. எனவே மகன் வாயில் ‘பிகாஸ்’ சரளமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் கவலை வேண்டாம், பெயரை மறந்தாலும் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். ஐந்தாம் ஆண்டில் ரிலேட்டிவ் க்ளாஸ் (‘ஹூ’, ‘விச்’ போட்டு ஒரு பெயரை விளக்கும் பகுதி) வரும், அப்போது மறுபடி எழுதுங்கள், ஏனென்றால் அதில் சில நேரம் மெயின் க்ளாஸே இரண்டாகப் பிளந்து நிற்கும். “தி பாய் ஹூ சாட் நியர் தி விண்டோ இஸ் மை கசின்” என்பதில் நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால்தான் “தி பாய் இஸ் மை கசின்” தெரியவரும்.