பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடுவது யார்?

கேள்வி: டாக்டர், நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, எடை 16.5 கிலோ, உயரம் 107 செ.மீ. கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிய சோறும் நக்கெட்டும் தவிர வீட்டில் எதையும் தொடமாட்டான். கைப்பேசியில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். மாமியார் ஒரு மணி நேரம் ஊட்டுகிறார். இடையில் நான்கு புட்டி மைலோ குடித்துவிடுகிறான். ஆனால் பாலர் பள்ளியில் கொடுத்ததையெல்லாம் சாப்பிடுகிறானாம். கணவருக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. பசியெடுக்க டானிக் எழுதித் தருவீர்களா?

பதில்: சகோதரி, முதலில் எடை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஐந்து வயது ஆண்பிள்ளைக்கு நடு அளவு ஏறத்தாழ 18 கிலோ, 110 செ.மீ. உங்கள் மகன் அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறான். கிளினிக் புத்தகத்தில் பழைய எடைகளும் இதே போக்கில் ஏறி வந்திருந்தால் டானிக் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் பாலர் பள்ளி. அதே பிள்ளை, அதே நாக்கு. அங்கே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே உணவைச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் அவன் எதிரே இருப்பது ஒரு கரண்டியும் ஒரு திரையும்தான். மகன் சாப்பிடுவதை இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்றால், அம்மா கீரை சாப்பிடுவதை அந்தப் பிள்ளை பார்த்தே இருக்கமாட்டான்.

நான் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன். அம்மா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் திரும்பியதும் எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவோம். பாகற்காயை எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அப்பா அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நானே கேட்டு வாங்கினேன்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. ஒரு காய் பழகுவதற்கு எட்டிலிருந்து பதினைந்து முறை வரை அதைப் பார்க்கவும் சுவைக்கவும் வேண்டியிருக்கலாம். நாமோ மூன்றாம் முறையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வற்புறுத்தினால் வெறுப்புதான் வளரும். திரையைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்கோ தன் வயிறு நிறைந்ததே தெரிவதில்லை.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த முறையை நான் பெற்றோருக்குச் சொல்வதுண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு.

கணவர் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு வேளை கிடைக்கிறதல்லவா? இரவு 7.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் ஒன்றாக உட்காருங்கள், நீங்களும்தான். கணவருடையது உட்பட எல்லாக் கைப்பேசிகளும் வேறு அறையில் இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே சமையல்: சோறு, பருப்பு, முட்டை அல்லது நெத்திலி, கொஞ்சம் கங்கோங் கீரை. அவன் தட்டில் ஒரு தேக்கரண்டி கங்கோங் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாதீர்கள். 'சாப்பிட்டால் ஐஸ்கிரீம்' என்ற பேரமும் வேண்டாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வெறும் சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்தாலும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பசியைத் திருடுவது அந்த நான்கு புட்டிகள். புட்டியை நிறுத்திவிடுங்கள், பல்லுக்கும் அது கேடு. நாளைக்கு இரண்டு குவளை பால் போதும், அதையும் சாப்பாட்டோடு குவளையில் கொடுங்கள். இடையில் தாகத்துக்குத் தண்ணீர்.

மாமியாரிடம் பேசும்போது பார்த்துப் பேசுங்கள். போரின்போது ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் மடியில் வளர்ந்த தலைமுறை அவருடையது. பிள்ளை வாயில் சோறு போவதைப் பார்த்தால்தான் அவர் மனம் அமைதியாகும். 'ஊட்டாதீர்கள்' என்று சொல்வதைவிட, 'அத்தை, நீங்களும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் உங்களைப் பார்த்துத்தான் பழகுவான்' என்று சொல்லுங்கள்.

எடை குறைந்தாலோ, பல மாதங்கள் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, சாப்பிட்டு வந்த உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாலோ காத்திருக்காமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மண்ணையோ பச்சரிசியையோ தின்கிறானா, முகம் வெளிறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். பாலிலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறைவது உண்டு. அந்தச் சந்தேகம் இருந்தால் கடையில் எதையும் வாங்கிக் கொடுக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.