4060 நல்லதா, 7600 நல்லதா?

கேள்வி: கேம் விளையாட கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 போடுவதா, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600 போடுவதா? பவர் சப்ளை 450 வாட். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் பழகுகிறேன். – வாசகர், ஹட்டன்

பதில்: பிளெண்டர் என்றதுமே விஷயம் முடிந்தது தம்பி, 4060 எடுங்கள், அதில் வரும் ரெண்டர் வேகம் (3டி காட்சியை முழுப் படமாக்கும் வேகம்) ஏஎம்டியில் கிடைக்காது. மெமரி இரண்டிலும் 8 ஜிபிதான், சாதாரண கேம்களில் பெரிய வித்தியாசமும் தெரியாது, ஆனால் 7600 சுமார் 165 வாட் இழுக்கும்போது 4060 115 வாட்டோடு நின்றுவிடும். கம்பனி 550 வாட் பவர் சப்ளை கேட்கும்தான், இருந்தாலும் உங்களுடையது தரமான 450 என்றால் சமாளிக்கலாம், பெயர் தெரியாத மலிவுச் சாமான் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். கேம் மட்டும்தான், 7600 நல்ல விலைக்குறைவில் கிடைக்கிறது என்றால் தாராளமாக அதை வாங்கலாம். அப்புறம், மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும்தானே, யூபிஎஸ்ஸுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்.