அழகுக்கான அறுவையும் மயக்க மருந்தும்: கேள்வி பதில்

கேள்வி: மூக்கைச் சீரமைக்க முழு மயக்கம் வேண்டும் என்கிறார்கள். என் தோழிக்குக் கண்ணிமை அறுவையை மரப்பு ஊசியிலேயே முடித்துவிட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு, டாக்டர்?

பதில்: மூக்கெலும்பைச் சரிசெய்யும்போது இரத்தம் தொண்டைக்குள் வடியும். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடாமலிருக்க, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, முழு மயக்கத்தில் வைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. கண்ணிமையில் நிலைமை நேர்மாறானது: தோலை எவ்வளவு எடுத்தால் போதும் என்று பார்க்க, இடையிடையே "கண்ணைத் திறந்து மூடுங்கள்" என்று அறுவை மருத்துவர் சொல்வார், விழித்திருப்பவரால்தான் அதைச் செய்ய முடியும்.

கேள்வி: பொதுவாக எது ஆபத்துக் குறைந்தது, முழு மயக்கமா, மரப்பு ஊசியா?

பதில்: பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது. அறுவை முடியும்வரை கத்தியைத் தொடாமல் உங்கள் மூச்சையும் நாடியையும் மட்டுமே கவனிக்க ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: வயிற்றுத் தோலைக் குறைக்க முதுகில் ஊசி போடலாம் என்கிறார்கள். வாழ்நாள் முழுதும் முதுகுவலி வருமாமே?

பதில்: வராது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலி வரும், அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: முடி நடுவதற்கு மரப்பு ஊசிதானே? அதற்கு மயக்க மருத்துவர் எதற்கு?

பதில்: "மரப்பு ஊசிதானே" என்ற அந்தத் "தானே"தான் எனக்கு அச்சம் தருகிறது. 2016 இல் சென்னையில் முடி நடுகைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்ததைப் பலர் மறந்திருக்கலாம். இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துக்கு வழக்கமான உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 மில்லிகிராம்; 2 விழுக்காட்டு மருந்தில் 21 மில்லி. 30 மில்லி குப்பி ஒன்றை முழுவதும் செலுத்தினால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும். மணிக்கணக்கில் நீளும் நடுகையில், கணக்கை ஒருவர் எழுதிக்கொண்டே வராவிட்டால், எத்தனை மில்லி போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

கேள்வி: நான் தோல் மருத்துவர். கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சையில் கிலோவுக்கு 35, ஏன், 55 மில்லிகிராம்வரை தருகிறோமே? 7 என்று சொல்லி மக்களைப் பயமுறுத்துவது சரியா?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் இரண்டு வேறு முறைகளை ஒன்றாக்குகிறீர்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987 இல் வெளியிட்ட கொழுப்பு உறிஞ்சும் முறையில் மருந்து 0.05 முதல் 0.1 விழுக்காடுவரை நீர்த்து, அட்ரினலினோடு கொழுப்புக்குள் செல்கிறது. இரத்தத்தில் மெல்ல மெல்லத்தான் சேரும். உச்சந்தலையில் கொழுப்பு குறைவு, இரத்த ஓட்டம் மிகுதி, மருந்தும் செறிவானது. இதற்கு அந்த 35 பொருந்தாது.

கேள்வி (அதே மருத்துவர்): ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழு மயக்கமின்றி இம்முறையை மட்டும் கையாண்டவர்களின் பதிவு மிக நல்லது என்பதை நீங்கள் மறைக்கக் கூடாது.

பதில்: மறைக்கவில்லை, அது உண்மைதான். நான் எதிர்ப்பது அதோடு அரை மயக்கத்தைச் சேர்த்துவிட்டு, கவனிப்பவரைச் சேர்க்காமல் விடுவதை. நாக்கு மரப்பது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் ஆகியவை மருந்து மிகுதியின் முதல் அறிகுறிகள். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறித் தூங்குபவர் அவற்றை எப்படிச் சொல்வார்? அடுத்து வலிப்புதான் தெரியும். இன்னொன்று, இம்முறையில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சம் தொடுவது ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது நோயாளி வீட்டில் படுத்திருக்கும் நள்ளிரவில். நச்சை முறிக்கும் 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசல் உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா? இருந்தால் நம் சண்டை பாதி தீர்ந்தது.

கேள்வி: உடல் எடை குறைக்க வாரம் ஒருமுறை செமாகுளூடைட் ஊசி போடுகிறேன். சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். நிறுத்துவதா, அறுவைக்கு முந்தைய நாள் திரவ உணவில் மட்டும் இருப்பதா என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: அறுவையின் நடுவில் விழித்துக்கொள்வேனா?

பதில்: மிக அரிது. பிரிட்டனில் 2014 இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 19,000 முறை மயக்கம் கொடுத்ததற்கு ஒருவர் அப்படித் தெரிவித்திருந்தார்.

கேள்வி: மார்பகச் சீரமைப்புக்கு முழு மயக்கமா, மரப்பு ஊசியா, எது பாதுகாப்பு?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கான மார்புக் கொழுப்பு நீக்கத்துக்கு?

பதில்: அதேதான். கவனிப்பவர் யார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: நாளை காலை எட்டு மணிக்கு எனக்கு அறுவை. ஐந்து மணிக்குக் காபி குடிக்கலாமா?

பதில்: பால் கலந்த காபி என்றால் கூடாது, பாலுக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். பால் இல்லாத கடுங்காபியோ தண்ணீரோ ஆறு மணிவரை குடிக்கலாம். குடித்துவிட்டீர்களானால், அதை மறைக்காமல் என் போன்ற மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.