சாவி, இனியஸ்டா இருவரையும் விட்டுவிட்டால், ஸ்பெயினின் நடுக்கள வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

சான்டி காசோர்லா. இதற்கு நான் யோசிக்கவே தேவையில்லை.

காசோர்லா பெயரை எடுத்தாலே எல்லோரும் அவர் கால் காயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஆட்டம். ஐந்தரை அடி உயரம், பெரிய ஓட்டமும் கிடையாது. ஆனால் அவருக்கு எது பலமான கால் என்று எதிரில் நிற்பவரால் சொல்ல முடியாது. வழக்கமாக டிஃபெண்டர்கள் ஆளைப் பார்த்ததும் அவருடைய நல்ல கால் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காசோர்லாவிடம் இரண்டுமே நல்ல கால். கார்னர் எந்த மூலையில் கிடைத்தாலும் அதற்குத் தோதான காலால் அடிப்பார்.

இது வெறும் வித்தை இல்லை என்பதை 2015 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் பார்த்தோம். அதுவரை பெரும்பாலும் முன்வரிசைக்குப் பின்னாலோ இடது ஓரத்திலோ ஆடியவரை, அப்போது அவர் ஆடிய ஆர்சனல் அணியின் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர், இன்னொரு மிட்ஃபீல்டரான கோக்லேனோடு சேர்த்து நடுக்களத்தின் ஆழத்தில் நிறுத்தியிருந்தார். சிட்டி ஆட்கள் இரண்டு பேர், மூன்று பேராக வந்து நெருக்குவார்கள். இவர் பந்து வரும்போதே உடம்பைச் சாய்த்து ஒரு பக்கம் போகப்போவதாகக் காட்டிவிட்டு, மறு காலால் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அன்று ஆர்சனல் 2-0 என்று ஜெயித்தது. முதல் கோல் இவர் அடித்த பெனால்டி, இரண்டாவது இவருடைய ஃப்ரீ கிக்கை ஆர்சனல் முன்கள வீரர் ஜிரூ தலையால் முட்டியது. நான் பார்த்த வரையில் ஒரு மிட்ஃபீல்டரின் மிகச் சிறந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

ஊர், வடக்கு ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் பகுதியின் யானெரா. பக்கத்து நகரமான ஒவியெடோவின் கிளப்பில்தான் சிறுவனாகச் சேர்ந்தார். 2003-இல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அந்த கிளப் நான்காம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல், 18 வயதில் அவர் வில்லாரியல் என்ற இன்னொரு ஸ்பெயின் கிளப்புக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகு ரெக்ரியாடிவோவில் ஒரு சீசன், மறுபடி வில்லாரியல், மாலகா. 2008, 2012 இரண்டு யூரோ கோப்பைகளிலும் ஸ்பெயின் அணியில் இருந்தார். 2008 காலிறுதியில் இத்தாலியுடன் பெனால்டி ஷூட்அவுட் வரை போனபோது தன் பங்கைக் கோலாக்கினார். நடுவில் 2010 உலகக் கோப்பை, முதுகு வலியால் கைவிட்டுப் போயிற்று.

2012-இல் ஆர்சனல். 2014-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை மறக்கவே முடியாது. ஒன்பது வருடமாகக் கோப்பை இல்லாத அணி, ஹல் சிட்டியிடம் எட்டே நிமிடத்தில் 2-0 என்று பின்தங்கிவிட்டது. 17-ஆவது நிமிடம் தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக், காசோர்லா வலையின் மேல் மூலையில் சொருகினார். அந்த கோல் இல்லாமல் கடைசியில் வந்த 3-2 வெற்றி இல்லை என்பதுதான் என் கட்சி.

சரி, காயம். 2016 அக்டோபரில் பல்கேரிய அணியான லுடோகொரெட்ஸுடன் ஆடியதுதான் ஆர்சனலுக்கான அவருடைய கடைசி ஆட்டம். வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை, தையல் போட்ட இடம் ஆறவே இல்லை. கிருமித் தொற்று குதிகால் தசைநாரில் எட்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்பெயினில் விட்டோரியாவில் மறுபடி அறுவை செய்து, இடது முன்கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். இப்போது பெயரில் பாதி கையிலும் மீதி காலிலும் இருக்கிறது.

2018-இல் வில்லாரியல் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2019 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல், அதில் ஒன்று தலையால்! அதே வருடம் தேசிய அணிக்கும் அழைத்தார்கள். இதை அதிசயம் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மன உறுதி இருந்தது, நிச்சயமாக. ஆனால் வேகத்தை நம்பி ஆடுகிற வீரர் ஒருவருக்கு இந்தக் காயம் பட்டிருந்தால், மீண்டு வந்தாலும் பழைய ஆட்டம் வந்திருக்காது. காசோர்லாவின் ஆட்டம் முதல் தொடுதலிலும், பந்து வருமுன் சுற்றிலும் பார்த்துவைப்பதிலும் இருந்தது. அதைத் தொற்று தொடவில்லை.

அப்புறம் கத்தாரில் அல் சத் அணிக்காக ஆடிவிட்டு, 2023-இல் ஒவியெடோவுக்கே திரும்பினார். 2012-இல் அந்த கிளப் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, உலகம் முழுக்க ரசிகர்கள் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். அப்போது பணம் போட்டவர்களில் இவரும் உண்டு. 38 வயதில் வந்தவர் கேட்டது விதிப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மட்டும். தன் பெயர் போட்ட ஜெர்சி விற்பனையில் பத்து சதவீதத்தை இளையோர் அணிக்குக் கொடுக்கச் சொன்னார். 2025 ஜூனில் மிராண்டேஸ் அணியுடன், முதல் டிவிஷனுக்கு யார் உயர்வது என்று முடிவு செய்யும் பிளே ஆஃப் இறுதி, இரண்டு ஆட்டங்கள். வெளியூரில் 1-0 தோல்வி, சொந்த மைதானத்திலும் முதல் கோல் எதிரணிக்கே. அந்த நிலையில் பெனால்டி அடிக்க 40 வயது காசோர்லா போனார், கோல். கூடுதல் நேரத்தில் 3-1 என்று ஜெயித்து, 24 வருடம் கழித்து ஒவியெடோ முதல் டிவிஷனுக்குத் திரும்பியது.

அவர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்றால் கோல் தொகுப்பு வீடியோக்களில் தொடங்காதீர்கள். நான் சொன்ன அந்த சிட்டி ஆட்டத்தை முழுசாகத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் ஒரு பத்து நிமிடம் கவனித்தால் போதும், நான் ஏன் இவரைச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும்.