சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு செனட் ஹவுஸ் மாதிரி நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வரலாற்றுக் கட்டடம் ஏதாவது உண்டா?

திருநெல்வேலி பக்கத்து அபிஷேகப்பட்டி வளாகத்துக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. நம்ம பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. சேப்பாக்கத்து செனட் ஹவுஸை ராபர்ட் சிசம் 1879-லேயே கட்டி முடித்துவிட்டார். ஆனால் இங்கே தாயைவிடப் பிள்ளைகளுக்கு வயசு அதிகம். இந்துக் கல்லூரியும் சாராள் தக்கர் கல்லூரியும் சேவியர் கல்லூரியும் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தவை, அப்புறம் மதுரையோடு சேர்ந்து, கடைசியில் நம்ம பல்கலைக்கழகத்துக்கு வந்தவை. பழைய கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

நான் சாராள் தக்கரில் படித்தவள். முதல் இரண்டு வருஷமும், சாராள் தக்கர் என்கிற அம்மா கப்பலேறி வந்து, பாளையங்கோட்டை வெயிலில் நின்று இந்தக் கல்லூரியைக் கட்டியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம் ஒரு பேராசிரியை வகுப்பில் சொன்னார்: அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சி.எம்.எஸ். என்கிற கிறிஸ்தவ மிஷனின் செயலாளராக இருந்தார். அவர் வழியாகத் தெரிந்துகொண்ட செய்திகளை வைத்து அந்த அம்மா இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்தியாவைப் பற்றி எழுதினார். அவர் இறந்த பிறகு அவர் நினைவாகத் திரட்டிய பணத்தில்தான் 1858-ல் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்தது. கல்லூரி ஆனது 1895-ல். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நான் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கண்ணால் பார்க்காத ஊர்ப் பெண்பிள்ளைகளை நினைத்து ஒருத்தர் எழுதியிருக்கிறார், அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி என்று தோன்றியது. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த நினைப்பு வரும்.

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் மனசு ஒட்டவில்லை. இங்கே பெண்களுக்கென்று கல்லூரி வந்தபோது ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டமே கொடுக்கவில்லை. 1920-ல்தான் கொடுக்க ஆரம்பித்தது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் இதே ஊரில் 1890-களிலேயே பள்ளிகள் நடந்தன. நம்ம ஊருக்கு அதன் சொந்தப் பெயரே போதும்.

சரி, தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவோம். திருநெல்வேலி டவுனில் இருக்கும் ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் முழுசாகாது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில். ஆனால் நடுவில், 1877 வாக்கில், திருநெல்வேலிக்கு வந்து இங்கிருந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். அவர் எடுத்த முயற்சியில்தான் அந்தப் பள்ளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுதான். இங்கே இருந்ததும் கொஞ்ச காலம்தான். 'மனோன்மணீயம்' நாடகமும் அதில் உள்ள நீராரும் கடலுடுத்த பாட்டும் 1891-ல் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் அந்தப் பாட்டைச் சொல்வார்கள். நம்ம ஊரில் ஒரு பள்ளியைக் கல்லூரியாக்கிய வாத்தியார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அதே பள்ளியில் 1894 முதல் 1897 வரை பாரதி படித்தார். அவர் இருந்த வகுப்பறையைத் தனியாகப் பேணி வைத்திருக்கிறார்கள். பாரதி அங்கே படிப்பை முடித்த அதே 1897-ல்தான் சுந்தரம் பிள்ளை காலமானார். கல்லூரி இப்போது பேட்டையில் நடக்கிறது. புதுமைப்பித்தன் 1931-ல் பி.ஏ. முடித்ததும் இந்துக் கல்லூரியில்தான்.

இதையெல்லாம் நான் சுவர் சுவராகப் பார்ப்பதற்கு அப்பாதான் காரணம். அப்பா கொத்தனார், காரைவேலை தெரிந்த கடைசித் தலைமுறை. சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைப்பார்கள். அப்படிப் பூசின சுவர் உள்ளே ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்; கொஞ்ச நாளில் உப்பு பூத்து, செங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பூச்சு விழும். ஒரு பழைய கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மராமத்து வேலைக்குப் போன இடத்தில் அப்பா இதைச் சொல்லிப் பார்த்தார். "இது மூச்சு விடுத சுவரு. சிமென்ட்டப் பூசி மூக்கப் பொத்தக் கூடாது" என்றார். யாரும் கேட்கவில்லை. சிமென்ட்டே பூசினார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் சுவரின் கீழ்ப்பாதி முழுக்கப் பொரிந்து போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. கல்லூரி நிர்வாகத்தில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், பழைய சுவரைத் தொடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் டவுனில் தொடங்குங்கள். பள்ளியைப் பார்த்துவிட்டு, ஜங்ஷன் வழியாக வந்து சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றைக் கடந்து வாருங்கள். 1843-ல் திறந்த பாலம். அதற்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தவர் பெயரே அதற்கு. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்தைப் பாருங்கள். அது கல்லூரிக் கட்டடம் இல்லை, 1826-ல் மிஷனரி இரேனியஸ் ஐயர் கட்டிய திரித்துவ ஆலயம். ஆனால் இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1923-ல் தொடங்கிய சேவியர் கல்லூரியையும் அப்படியே பார்த்துவிடலாம். பாரதி வகுப்பறைக்குப் பள்ளி நடக்கிற நாளில் போகிறீர்கள் என்றால் முதலில் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி, அதனால் அங்கேயும் வாசலில் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். உள்ளே விட்டால் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.