அம்பாசிடர்: பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது

இடது முன்சக்கரத்தின் பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை, முதலில் பாருங்கள் சார். பிரேக் போட்டால் இழுக்கிறது, காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தின் டிரம் (பிரேக் பிடிக்கும் உருளை) மட்டும் கொதிக்கிறது என்றீர்களே, அதனால்தான் சொல்கிறேன். பழைய ரப்பர் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஜாக்கி ஏற்றி, கட்டாயம் ஸ்டாண்டும் வைத்து, பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் இறுகி நின்றால் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகை) திறங்கள். ஆயில் பீறிட்டு சக்கரம் சுற்றினால் ஹோஸ்தான். இல்லையென்றால், ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். ஹோஸ் மாற்றினால் இரு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், முன்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங், தொடர்ந்தால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பக்கம்.

மன்னார்குடிச் சாலையில் மழைத் தண்ணீரில் இறக்கிய அன்று சோதிக்காதீர்கள், டிரம் நனைந்தாலும் இழுக்கும்.